ஒற்றைச் செருப்பும் வியாபார வரியும்

என் வீட்டு முன்னறையும் தெருமுனையில் இருக்கும் ஒயின் ஷாப்பும் ஒரே இனம் என்று வரி அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இரண்டும் வியாபார இடம், இரண்டுக்கும் ஒரே விகிதம். படித்துவிட்டு என் கணவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அவன் கடையில ஏசி இருக்குது, நம்மகிட்ட இல்ல. அதுக்கு ஏதாவது கொறைப்பாங்களான்னு கேளு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சின்ன டாக்டர்கள் வார்டுக்குள் கால் வைப்பார்கள். ஓய்வு பெற்றதும் சும்மா இருந்து பார்த்தேன். இரண்டு மாதம் தாங்கினேன். மூன்றாவது மாதம் நெல்லித்தோப்பு வீட்டின் முன்னறையில் இருந்த சோபாவைத் தூக்கி உள்ளே போட்டேன். அந்த இடத்தில் உயரமான ஒரு கட்டில், கருவிகளை அவிக்க ஒரு பாத்திரம், பளிச்சென்று ஒரு விளக்கு, சுவரோரம் மூன்று பெஞ்சு. சர்க்கரை வியாதிக்காரர்களின் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடும் இடம். செவ்வாயும் வெள்ளியும் ஒரு டாக்டர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அவர் எழுதியபடி நான் செய்வேன். வாங்கவேண்டிய அனுமதியை எல்லாம் அலைந்து வாங்கித்தான் வாசலில் பலகை மாட்டினேன். ஒரு கட்டுக்கு ஐம்பது ரூபாய். பஞ்சு, துணி, மருந்து போக அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

ஒயின் ஷாப்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்த்தால் வணக்கம் சொல்லுகிற மனிதர். எங்கள் ஊரில் சரக்கு மலிவு என்று சனிக்கிழமையானால் வெளியூர் வண்டிகள் அவர் கடை முன்னால் வரிசை கட்டும். அவரிடம் வந்தவர்களில் சில பேர் பத்து வருடம் கழித்து என்னிடம் வந்து காலை நீட்டுகிறார்கள். அந்த வகையில் வேண்டுமானால் நாங்கள் ஒரே வியாபாரம்தான்.

சர்க்கரைப் புண் மற்றப் புண் மாதிரி இல்லை. வலிக்காது. வலித்தால் தேவலை, ஓடி வருவார்கள். உள்ளங்கால் மரத்துப் போயிருக்கும், ஆணி ஏறினாலும் தெரியாது. என்னிடம் வருகிறவர்களில் ஒருத்தி குருசுக்குப்பத்திலிருந்து வந்து நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஐம்பது வயது இருக்கும். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நிற்கிற கால். ஒருநாள் கெளுத்தி முள் ஒன்று உள்ளங்காலில் ஏறி உடைந்திருக்கிறது, அவள் அறியவில்லை. மூன்று நாள் கழித்து, மீன் நாற்றத்துக்கு நடுவில் வேறு நாற்றம் வருகிறதே என்று அவள் மகள்தான் கண்டுபிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றவேண்டும், தவறினால் அடுத்தது கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கேயே போனால் காசு கிடையாது, நன்றாகவும் செய்வார்கள். ஆனால் போய்வர அரைநாள் ஆகும், மீன் அரைநாள் காத்திருக்காது. அதனால் என்னிடம் வந்தாள். என்னிடம் வந்தால் அரைமணி நேரம், அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்விடலாம்.

சரி, வரிக்கு வருகிறேன். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். வீட்டோடு சேர்ந்த வைத்தியம் என்றால், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வரைக்கும் வந்தால் வீட்டு வரியே போதுமாம். பத்துக்கு மேல் போனால் அது கடை. வரி பல மடங்கு, கரண்டு பில்லும் கடைக் கணக்கில் வரும். பலகையைப் பார்த்துவிட்டுக் கடை என்று போட்டுவிட்டார்கள், ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்ப்பார் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒம்போதுன்னு எழுதிக் குடுங்க சிஸ்டர். நாங்கல்லாம் அப்படித்தான். பத்துன்னா சந்தேகப்படுவாங்க" என்றார். பக்கத்துத் தெருவில் கை கால் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் ஒன்பதுதான். பல் டாக்டரும் ஒன்பது. ஆக, எங்கள் பகுதியில் எங்கே போனாலும் ஒரு நாளைக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்புக்கு முடியாமல் போவதே இல்லை. இவ்வளவு ஆரோக்கியமான ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

ஆய்வாளர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நாற்பது வயதுக்காரர், கையில் ஒரு பை, அலுத்துப்போன முகம். நல்ல மனிதர், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஞாயிறு விடுமுறை என்பதால் திங்கட்கிழமை என் பெஞ்சுகள் நிறைந்திருக்கும். நான் ஒருவர் குதிகாலில் செத்த சதையை எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், அந்தக் குதிகாலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் அவரை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்து காபி கொடுத்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வரும்போது அவர் எழுதியே முடித்துவிட்டார்.

"முடிஞ்சுது சிஸ்டர். ஏழு பேரு. பத்துக்குள்ளதான் வருது, வீட்டு வரியே இருக்கட்டும்னு போட்டுட்டேன். இதுல ஒரு கையெழுத்து."

"ஏழு பேர எங்க பாத்தீங்க?"

"வாசல்ல எண்ணினேனே. பதினாலு செருப்பு இருக்குது."

என் வீட்டு வாசற்படிக்கு மேல் செருப்பு ஏறக்கூடாது. அது என் சட்டம். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு காலில் கட்டு இருக்கும். கட்டுப் போட்ட காலில் செருப்பு நுழையாது. அதன்மேல் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றி நடந்து வருவார்கள். வாசலில் அவர்கள் கழற்றுவது ஒற்றைச் செருப்பு. அன்றைக்கு எட்டுப் பேர் ஒற்றைச் செருப்பு, மூன்று பேர் ஜோடி. பதினாலு செருப்பு சரிதான். அவர் இரண்டால் வகுத்ததுதான் தப்பு.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், கட்டு முடிந்ததும் 'மெர்சி' என்று நன்றி சொல்லாமல் படி இறங்கமாட்டாதவர், அவர்கூட வாயைத் திறக்கவில்லை. என் கணவர் ஆய்வாளரின் முதுகுக்குப் பின்னால் நின்று, போடு போடு என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அப்புறம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு என்றால் நான் நல்லவள். பதினொன்று என்றால் நான் வியாபாரி. அதிகம் பேருக்குக் கட்டுப் போட்டதுதான் என் குற்றம். லேபுக்காரர் ஒன்பது, பல் டாக்டர் ஒன்பது, நான் ஏழு என்று எல்லோரும் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், இந்த வரி யாரையும் கடிக்கவில்லை என்றுதானே மேலே இருப்பவர்கள் நினைப்பார்கள்? வலிக்காத புண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

"தப்பா எண்ணிட்டீங்க. உள்ள வந்து ஆள எண்ணுங்க" என்றேன்.

"சிஸ்டர், பத்துக்கு மேல போனா கமர்ஷியல் ஆயிடும்."

"தெரியும். எண்ணுங்க."

அவர் விரலை நீட்டி நீட்டி எண்ணினார். கடைசியாக, கதவோரம் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மீன்காரியிடம் விரல் வந்து நின்றது. "பதினொண்ணு" என்றார். பழைய எண்ணை அடித்துவிட்டு எழுதினார். "எதுக்கு சிஸ்டர் வம்ப வெலைக்கு வாங்குறீங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி எழுதினேன். பதினொரு பேர் வந்தது உண்மை, வியாபாரம் என்பது உண்மை இல்லை. அப்படியென்றால் அலுவலகத்தில் விசாரணைக்கு வரவேண்டியிருக்கும் என்று ஆய்வாளர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவர் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அது போகட்டும். மறுநாள் பெஞ்சில் இதே பேச்சு. சிஸ்டர் இனி ஐம்பதை எண்பது ஆக்கிவிடுவார்களாமே என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் இருந்த எரிச்சலில், "ஆக்கினாலும் ஆக்குவேன், வேற என்னா பண்றது" என்று வாயை விட்டுவிட்டேன். ஆக்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. கோபத்தில் வந்த பேச்சு. ஆனால் கேட்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

புதன்கிழமை மீன்காரி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மார்க்கெட்டில் கேட்டால் கடைக்கும் வரவில்லை என்றார்கள். சனிக்கிழமை காலை மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் ஸ்கூட்டரை எடுத்தார். குருசுக்குப்பத்துக்குப் போனோம்.

அவள் வீட்டு முன்னால் உட்கார்ந்து நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்தாள். காலில் நான் போட்ட கட்டு இல்லை, பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. அதுவும் நனைந்திருந்தது.

"ஏன் வரல?" என்றேன்.

"வர்றேன் சிஸ்டரு. ரெண்டு நாளு போவட்டும்னு பாத்தேன்."

"நான் உன்கிட்ட காசு கேட்டனா?"

"நீங்க கேக்கல. வரிக்காரங்க உங்களக் கேக்குறாங்கல்ல. எம்பதுன்னா எனக்குக் கட்டாது. ஓசியில எத்தினி நாளு வந்து கால நீட்டுறது? எனக்கும் மானம் இருக்குது."

அங்கேயே உட்கார்ந்து துணியைப் பிரித்தேன். சிவந்து மூடிக்கொண்டு வந்த புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த சதை. கை அதன் பாட்டுக்குச் சுத்தம் செய்தது, முப்பது வருடப் பழக்கம். மனசுதான் நிலைகொள்ளவில்லை. என் ரோஷத்துக்கு இவள் காலா விலை என்று நினைத்தேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஊரெல்லாம் போடுகிற கையெழுத்துத்தானே.

என் கணவர் பின்னால் நின்று அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னறையில் நான் செய்வதை இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் கிட்டே நின்று பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியில் பேசினார்.

"விசாரணை என்னைக்கு?"

"அடுத்த புதன்."

"நானும் வர்றேன்."

விசாரணைக்குள் அந்தக் கால் கொஞ்சம் தேறியது. கறுத்த ஓரத்தை டாக்டர் வெட்டி எடுத்தார். இன்னும் ஒரு தடவை இப்படி விட்டால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். புதன்கிழமை காலை அவளுக்குக் கட்டுப் போடும்போது நான் தீர்மானத்துக்கு வந்திருந்தேன்.

"இன்னையோட இத முடிச்சுட்டு வந்துடறேன். அம்பது அம்பதாவே இருக்கும். நீ நாள் தப்பாம வா" என்றேன்.

"எப்படி முடிப்பீங்க?"

"பத்துன்னு எழுதிக் குடுத்துடுவேன். பத்துன்னா வீட்டு வரிதான்."

 பையைக் காலில் கட்டிக்கொண்டு எழுந்து போனாள். மத்தியானம் நான் புடவை மாற்றிக்கொண்டு கணவரோடு கிளம்பினேன். நெல்லித்தோப்பிலிருந்து அலுவலகம் போகிற வழி எல்லாம், பத்து பத்து என்று சொல்லிக்கொண்டே போனேன். கசப்பு மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற மாதிரி இருந்தது.

அதிகாரி ஒரு பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். காகிதத்தை ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஆய்வாளர் பக்கத்தில் நின்றார்.

"வரி எவ்வளவுங்கறத நான் மாத்த முடியாது சிஸ்டர். அது மேல முடிவாகுறது. கடையா வீடான்னு போடறது மட்டும்தான் என் கையில இருக்குது" என்றார். "இதுல முதல்ல ஏழுன்னு எழுதி அடிச்சிருக்காரு. அப்புறம் பதினொண்ணு. பத்துன்னு வெச்சுக்கலாமா? இன்னைக்கே முடிச்சிடலாம்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு வாய்வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. அப்போது என் கணவர் முழங்கையால் இடித்தார். திரும்பிப் பார்த்தேன். கதவருகில் மீன்காரி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வராந்தாவில் என் பெஞ்சுக்காரர்கள், பிரெஞ்சுப் பென்ஷன் பெரியவர் உட்பட. நான் யாரையும் வரச் சொல்லவில்லை. காலையில் என் வீட்டுப் படியிறங்கியவள் வீடு வீடாகப் போயிருக்கிறாள், அந்தக் காலை வைத்துக்கொண்டு.

"உள்ள வரலாங்களா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்தாள். "அன்னைக்கு எண்ணினப்ப பதினொண்ணாவது ஆளு நான்தாங்க. இவரு என்னைப் பாத்து வெரல நீட்டித்தான் பதினொண்ணுன்னாரு. பத்துன்னு எழுதினா என்னைத்தான அடிக்கணும்? நான் வரவே இல்லன்னு எழுதப் போறீங்களா? கால அவுத்துக் காட்டட்டுங்களா?"

அதிகாரி எழுந்து கதவுக்குப் போனார். வாசலுக்கு வெளியே செருப்புகள். என் வீட்டுப் பழக்கத்தில் அங்கேயும் எல்லோரும் கழற்றி விட்டிருந்தார்கள். அதிகாரி குனிந்து பார்த்தார்.

"எல்லாம் ஒத்தை ஒத்தையா இருக்குதே" என்றார்.

"ஆமாங்க மேடம். நான்தான் ஜோடின்னு எண்ணிட்டேன்" என்றார் ஆய்வாளர்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "மேடம், பத்து வேணாம். பதினொண்ணுன்னே எழுதுங்க" என்றேன். "பத்துப் பேருக்குக் கட்டுப் போட்டா வீடு, பதினொண்ணாவது ஆளுக்குப் போட்டா கடைன்னா, அந்த ஆள வாசல்லயே திருப்பி அனுப்புன்னுதான அர்த்தம்? நான் அனுப்பமாட்டேன். எனக்கு மட்டும் பாவம் பாத்து விட வேணாம். லேபுக்காரருக்கும் கொறைங்க, அந்தப் பயிற்சி குடுக்குற பொண்ணுக்கும் கொறைங்க. வைத்தியம் பாக்குற எடத்துக்கு எத்தினி பேரு வந்தாலும் வீட்டு வரி போதும். மேலதான் முடிவாகும்னா மேல எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் நான் பழைய வரிதான் கட்டுவேன். அதுக்கு மேல வேணும்னா வந்து கட்டில எடுத்துக்கிட்டுப் போங்க."

 அதிகாரி நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, பதினொன்று என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கீழே நாலைந்து வரி எழுதினார். சிகிச்சை அறைகளுக்கு ஆள் கணக்குப் பார்க்காமல் வீட்டு விகிதமே போடலாம் என்று மேலே பரிந்துரை. முடிவு வரும்வரை பழைய வரியே. எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். "இதுக்கு என்ன பதில் வரும்னு என்னால சொல்ல முடியாது சிஸ்டர்" என்றார். பெரியவர் வராந்தாவிலிருந்தே அவருக்கு ஒரு மெர்சி சொன்னார்.

பதில் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம், இல்லை என்றும் வரலாம். அது வரட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன். லேபுக்காரர் முதலில் மழுப்பினார். நான் இரண்டு நாள் அவர் வாசலில் போய் நின்றதும் அவரும் உண்மையான எண்ணிக்கையைப் போட்டு மனு எழுதிக் கொடுத்தார். பிறகு பயிற்சி கொடுக்கும் பெண், பிறகு பல் டாக்டர். எங்கள் பகுதியில் திடீரென்று எல்லோருக்கும் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. நான் கட்டணத்தை ஏற்றவில்லை. வாசல் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். அன்றன்றைக்கு எத்தனை பேர் என்று சாக்பீஸால் எழுதிவிடுவேன். இனி யாரும் என் வாசலில் குனிந்து செருப்பை எண்ணவேண்டாம். எழுதுவது என் கணவரின் வேலை, ஆள் வர வர அழித்து அழித்து எழுதுவார்.

போன மாதம் மீன்காரியின் புண் மூடிவிட்டது. கடைசிக் கட்டை அவிழ்த்து, இனி வாரம் ஒருமுறை வீட்டிலேயே கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள், ஏதாவது தெரிந்தால் மட்டும் வா என்று அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் அவள் செருப்பு ஜோடியாக இருந்தது. வலது கால் செருப்பு தேய்ந்து வெளுத்து ஓட்டை விழுகிற நிலையில் இருந்தது. இடது கால் செருப்பு கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி அப்படியே இருந்தது.

"உனக்குத்தான் கட்டு இல்லையே, எதுக்கு வந்த?" என்றேன்.

"திடுதிப்புன்னு எண்ண வந்தாங்கன்னா ஒரு ஆளு கொறையக் கூடாதுல்ல சிஸ்டரு. என்னையும் எழுதிக்கங்க."

பொய்க்கு ஆள் சேர்க்கும் வேலை என்னிடம் நடக்காது என்று அவளைக் கட்டிலில் ஏறச் சொன்னேன். விளக்கை இழுத்து வைத்து இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கு விடாமல் பார்த்தேன். அதுவும் வைத்தியம்தான். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். என் கணவர் பத்தை அழித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார்.